முதல் வேலை – 11: ஐந்து மவுஸ், ஒரு திரை

ஒரு கம்ப்யூட்டர், அதைச் சுற்றி ஐந்து பிள்ளைகள். மவுஸ் யார் கையில் இருக்கும்? 2005 வாக்கில் நம் கிராமப் பள்ளிகளில் இந்தக் கேள்வியோடு திரிந்தவர்களுக்குக் கிடைத்த பதில் யாருக்கும் ஆச்சரியம் தராது. பெரிய பையன் கையில். அல்லது கொஞ்சம் வசதியான வீட்டுப் பையன், இல்லையென்றால் நன்றாகப் படிப்பவன் என்று பெயர் வாங்கியவன். மற்ற நால்வரும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். சற்று நேரத்தில் எட்டிப் பார்ப்பதும் நின்று, ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அரசுக் கணக்கில் அது ஐந்து பேருக்கான கம்ப்யூட்டர். அறைக்குள் அது ஒருவனுடையது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பெங்களூரில் தன் ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கியது அந்த ஆண்டுதான். தொடங்கியவர்களில் ஒருவரான கென்டாரோ டொயாமாவின் குழுவில் உதய் சிங் பவார் உதவி ஆய்வாளர். கூடச் சேர்ந்த ஜோயோஜீத் பால் அப்போது அமெரிக்காவில் பெர்க்லியில் முனைவர் பட்ட மாணவர். கம்ப்யூட்டர் வாங்கத்தானே ஆயிரக்கணக்கில் வேண்டும், மவுஸ் வாங்க எவ்வளவு ஆகிவிடும், ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் என்ன என்பதுதான் அவர்களுடைய யோசனை. சொல்வதற்குச் சுலபம். ஆனால் ஒரே கம்ப்யூட்டரில் ஐந்து மவுஸைச் செருகினால் விண்டோஸ் ஐந்தின் அசைவையும் ஒன்றாகக் கலந்து, இருக்கிற ஒரே அம்பை ஐந்து பக்கமும் இழுத்தடிக்கும். எந்த அசைவு எந்த மவுஸிலிருந்து வருகிறது என்று பிரித்தெடுக்க வேண்டும். விண்டோஸின் அம்பை மறைத்துவிட்டு, ஆளுக்கொரு நிறத்தில் சொந்தமாக அம்பு வரைய வேண்டும். இதை எழுதி முடித்து 'மல்ட்டிமவுஸ்' என்று பெயர் வைத்தார்கள். பின்னால் மைக்ரோசாஃப்ட் இதையே 'மல்ட்டிபாயிண்ட்' என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டது.

கதையின் சுவையான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஏழை வீட்டுக் கிராமப் பிள்ளைகள் 238 பேரை வைத்து ஆங்கிலச் சொற்கள் கற்கும் சோதனை ஒன்றை நடத்தினார்கள். சிலர் தனியாக ஒரு கம்ப்யூட்டரில், சிலர் ஐந்து பேராக ஒரே மவுஸில், சிலர் ஐந்து பேருக்கும் ஐந்து மவுஸில். இந்தக் கடைசி வகையை மட்டும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்றில் யார் முதலில் சரியான படத்தை அமுக்கினாலும் அடுத்த கேள்வி வந்துவிடும், அதாவது பந்தயம். இன்னொன்றில் ஐந்து பேரும் சரியான விடையை அமுக்கினால்தான் திரை நகரும். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லியே தீர வேண்டும். "டேய், பச்சை அம்பு யாருது? அதை அமுக்குடா" என்று கெஞ்சியோ அதட்டியோ ஆக வேண்டும்.

முடிவு 2007இல் வெளிவந்தது. ஐந்து மவுஸோடு ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்துகொண்ட பிள்ளைகள், தனிக் கம்ப்யூட்டர் கிடைத்த பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இணையாகவே சொற்களைக் கற்றிருந்தார்கள். செய்தித்தாள்களுக்கு இந்தத் தகவல் போதும். எனக்குப் போதாது. எப்படி விளையாட வைத்தாலும் பெண் பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் கற்றார்கள். பையன்களோ விதிக்குத் தக்கபடி மாறினார்கள். பந்தயம் என்றால் குருட்டாம்போக்கில் அமுக்குவதிலேயே குறியாக இருந்தார்கள், சொல் தலையில் ஏறவில்லை. எல்லோரும் அமுக்க வேண்டும் என்றதும் கதை மாறியது.

இந்த இரண்டு விதிகளுக்கும் கோடில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும்? ஒருவர் சரியாக அமுக்கினால் போதுமா, எல்லோரும் அமுக்க வேண்டுமா என்ற ஒரு நிபந்தனை, நாலைந்து வரி. பேராசிரியர் எழுதிக் கொடுக்கும் திட்டக் குறிப்பில் 'குழுவாக விளையாடும் வசதி' என்று மட்டும்தான் இருக்கும். அதை எப்படி முடிவு செய்வது என்பது, மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்த வரிகளை அடித்துவிட்டுப் போகிற இருபத்திரண்டு வயதுப் பையன் அல்லது பெண்ணின் கையில். பவாரின் குழு அந்த முடிவையே சோதனைப் பொருளாக எடுத்துக்கொண்டது. பெரும்பாலான இடங்களில் அது யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது. கல்வித் தொழில்நுட்ப ஆய்வில் முதல் வேலைக்குச் சேர்கிற புரோகிராமர், தான் கடைநிலை ஊழியர் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆய்வின் முடிவைத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் பார்த்த வங்கி மென்பொருள் வேலைக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இது.

இந்தத் துறை இளைஞர்களின் கையில் இருப்பது புதிதும் அல்ல. 1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் தொடங்கிய 'பிளேட்டோ', கம்ப்யூட்டர்வழிப் பாடத்தின் முன்னோடி. அதில் பாடம் எழுதுவதற்கான மொழியை 1967இல் உருவாக்கிய பால் டென்சார் விலங்கியல் மாணவர். பயனர்கள் ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதிவைக்கும் வசதியை 1973இல் செய்த டேவிட் வூலிக்கு வயது பதினேழு. மேலதிகாரிகளுக்கு நேரமில்லாததால் பையன்களிடம் வேலை போய்ச் சேர்ந்தது என்பது என் ஊகம். இன்றும் அப்படித்தான் போய்ச் சேருகிறது.

வேலைக்குச் சேர்ந்தவுடன் ஐ.டி. கம்பெனிப் பழக்கம் ஒன்றை மறக்க வேண்டியிருக்கும். கம்பெனியில் பிழை கண்ணில் பட்டால் அன்றிரவே சரிசெய்து ஏற்றிவிடலாம், பாராட்டும் கிடைக்கும். ஆய்வில் அப்படிச் செய்தால் திட்டு விழும். நாற்பது பள்ளிகளில் ஆறு வாரம் ஒரு ஆப்பைக் கொடுத்து, இன்னொரு நாற்பது பள்ளிகளில் கொடுக்காமல் ஒப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரத்தில் பின்னப் பாடத்தில் ஒரு கேள்விக்குச் சரியான விடையையும் தவறு என்று காட்டுவது தெரிகிறது. திருத்தினால் முதல் மூன்று வாரம் ஒரு மருந்து, அடுத்த மூன்று வாரம் வேறு மருந்து என்றாகிவிடும். திருத்தாவிட்டால், சரியாகச் செய்த பிள்ளைக்குத் தினமும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் வேலை பார்த்த குழுவில் இதற்காக ஒரு மதியம் முழுக்கச் சண்டை நடந்திருக்கிறது. பிள்ளையிடம் பொய் சொல்லும் பிழை என்றால் உடனே திருத்துவது, தேதியோடு எழுதிவைப்பது, கட்டுரையில் ஒளிக்காமல் சொல்வது என்று முடிவானது. பட்டனின் நிறம், எழுத்தின் அளவு போன்றவையெல்லாம் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் ஆய்வு முடியும்வரை அப்படியே. அசிங்கத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கப் பழகுவதும் இந்த வேலையில் ஒரு பயிற்சிதான்.

இன்னொரு பயிற்சி, 'லாக்' என்று நாங்கள் சொல்லும் பதிவுக் கோப்பைச் சந்தேகப்படுவது. எந்தப் பிள்ளை, எந்தக் கேள்விக்கு, எத்தனை மணிக்கு, என்ன விடை சொன்னது என்று ஒவ்வொரு தொடுகையும் அதில் வரியாக விழும். முதல் தடவை அதைத் திறந்து பார்ப்பவருக்குக் கடவுளின் கண் கிடைத்துவிட்ட மாதிரி இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு பள்ளியிலிருந்து வந்த கோப்பில் பிள்ளைகள் 1970 ஜனவரி 1, அதிகாலை 5.30க்குக் கணக்குப் போட்டதாக இருந்தது. காரணம் இதுதான்: விடுமுறையில் டேப்லட்டின் பேட்டரி அடியோடு தீர்ந்தால், விலை குறைந்த கருவிகள் சிலவற்றில் கடிகாரம் சுழியத்துக்குத் திரும்பிவிடும். இந்த வகைக் கருவிகள் காலத்தை எண்ணத் தொடங்குவது 1970 ஜனவரி 1 நள்ளிரவு, கிரீன்விச் நேரத்தில். இந்திய நேரத்துக்கு மாற்றினால் காலை ஐந்தரை. தேதி தப்பு என்று கண்ணுக்குத் தெரிகிற இந்தப் பிழையால் பெரிய ஆபத்து இல்லை. ஒரு கேள்விக்கு நாற்பது விநாடி ஆனது என்று ஒழுங்காகப் பதிந்திருக்கும் வரியில்தான் ஆபத்து. பிள்ளை யோசித்ததா, பக்கத்தில் கேட்டதா, ஒன்றுக்குப் போய்விட்டு வந்ததா? கோப்புக்குத் தெரியாது. பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியும்.

அதனால்தான், எங்கள் ஆப்பைச் சோதித்துக்கொண்டிருந்த பள்ளி ஒன்றைப் பார்க்கப் பாலாற்றுப் பக்கம் போனேன்.

வேலூர்ப் பாலாறு அல்ல. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கும் இடத்தில் ஒரு செக்போஸ்ட், ஒரு பாலம், மேட்டூர் அணையின் தேங்கு நீரில் வந்து சேரும் ஒரு ஆறு. வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருந்தால் 1993 ஏப்ரலில் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியால்தான் தெரிந்திருக்கும். 1956 வரை கொள்ளேகால் தாலுகா சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலம் வந்தபோது மைசூரோடு சேர்ந்தது. 1997இல் மைசூர் மாவட்டம் பிரிந்தபோது சாமராஜநகரோடு போனது. கோப்புகள் இப்படி மாவட்டம் மாறிக்கொண்டே இருந்தன. வீட்டுப் பேச்சு மட்டும் பலருக்குத் தமிழாகவே இருந்துவிட்டது. பள்ளி கன்னடம்.

போனதும் முதல் அடி பெயர்ப் பட்டியலில் விழுந்தது. மலையில் இருப்பவர் மாதேஸ்வரர் என்பதால் இந்தப் பக்கம் வகுப்புக்கு இரண்டு மூன்று மாதேஷ், ஒரு மாதேவன், ஒரு மாதம்மா இல்லாமல் இருக்காது. ஆப்போ குடும்பப் பெயரைக் கேட்டு அடம்பிடித்தது. தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை எழுதினால் 'இரண்டு எழுத்தாவது வேண்டும்' என்று சிவப்பு வரி வந்தது. ஆசிரியை பொறுமையிழந்து எல்லோருக்கும் ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக அடித்துவிட்டார். மறுநாள் கணக்குப்படி ஒரே மாதேஷ் ஒரே நேரத்தில் மூன்று டேப்லட்டில் உட்கார்ந்து மூன்று விதமாக விடை சொல்லியிருந்தான். அந்தப் படிவத்தை எழுதியவரும் என்னைப் போல ஒரு புதுப் புரோகிராமர்தான். எங்கிருந்தோ ஒரு மாதிரிப் படிவத்தை எடுத்து அப்படியே ஒட்டியிருந்தார்.

ஆனால் நான் மறக்காதது நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை. எங்கள் ஆப் பிள்ளையின் நிலையறிந்து கேள்வியை மாற்றும் வகை. சரியாகச் சொன்னால் ஒரு படி மேலே, தவறினால் ஒரு படி கீழே. கேள்வியைக் கன்னடத்தில் ஒரு குரல் வாசிக்கும். ஒரு விவசாயியிடம் ஐம்பத்திரண்டு மாம்பழம், இருபத்தேழை விற்றுவிட்டார், மீதி எத்தனை? சிறுமி சற்றும் தயங்காமல் எழுபத்தொன்பதை அமுக்கினாள். சிவப்புப் பெருக்கல் குறி. அடுத்ததும் தவறு. ஆப் அவளைக் கீழே இறக்கி, ஒன்பதிலிருந்து நாலைக் கழி என்று கேட்க ஆரம்பித்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பாப்பா, அம்பத்திரண்டு மாங்கா இருக்கு. இருபத்தேழு வித்தாச்சு. எத்தன மிச்சம்?"

"இருவத்தஞ்சுக்கா."

"அப்புறம் ஏன் அத அமுக்குன?"

"அது ரெண்டு நம்பரு சொல்லுச்சு. கூட்டிட்டேன்."

அவள் அப்பா அணைத் தண்ணீரில் வலை போடுபவர். மீன் வாங்க வருபவர்களுக்குச் சில்லறை எண்ணிக் கொடுப்பதே இவள்தான் என்று ஆசிரியை பிறகு சொன்னார். கன்னடம் அவளுக்குச் சுத்தமாகத் தெரியாது என்றும் இல்லை. விளையாட்டுக்கும் சண்டைக்கும் போதுமான கன்னடம் இருந்தது. வாக்கியக் கணக்கில் விவசாயி என்ன செய்தார் என்று பிடிக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் கோப்பில் அன்று விழுந்த வரி: 'கழித்தல் – தெரியவில்லை'.

நிலையறிந்து கேட்கும் முறை மோசம் என்று நான் சொல்லவரவில்லை. அதன் வலிமைக்கு நல்ல சான்று டெல்லியில் இருக்கிறது. அகமதாபாத்தைச் சேர்ந்த எஜுகேஷனல் இனிஷியேட்டிவ்ஸ் உருவாக்கிய 'மைண்ட்ஸ்பார்க்'கில் 45,000க்கும் மேற்பட்ட கேள்விகள் உண்டு. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்திரோ கனிமியன் மூவரும் 619 மாணவர்களை வைத்து, யாருக்கு மையத்தில் இடம் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்து, நாலரை மாதம் ஆராய்ந்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். அந்த மென்பொருளின் பதிவுகளே இன்னொன்றையும் காட்டின: ஆறாம் வகுப்பு மாணவர் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். பாடப் புத்தகம் அவர் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. எந்த வகுப்பில் இருக்கிறார் என்று பாராமல் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக் கேட்டதுதான் மைண்ட்ஸ்பார்க்கின் வெற்றி. ஆனால் அங்கே பிள்ளைகளுக்குப் பழகிய இந்தியிலேயே பாடமும் இருந்தது. பாலாற்றில் அதே சூத்திரம், பிள்ளை எங்கே நிற்கிறாள் என்பதையே தவறாக அளந்துவிட்டுப் பிறகு மிகத் துல்லியமாகக் கீழே இறக்கியது.

இதைப் பற்றி ஆழமாக யோசித்தவர்கள் அந்த மைசூரிலேயே இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. மலை ஏறி இறங்கி, கொள்ளேகால் வழியாகப் பஸ் பிடித்தால் போய்ச் சேரக்கூடிய மானசகங்கோத்ரியில் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் 1969இலிருந்து இயங்குகிறது. அதன் முதல் இயக்குநர் டி.பி. பட்டநாயக், வீட்டு மொழியில் தொடங்கிப் பிற மொழிகளுக்கு நகரும் கல்வியைப் பற்றி எழுதிய புத்தகம் 1981இல் வந்தது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் வட்டாரக் கல்வி நிறுவனமும் 1963 முதல் அதே ஊரில் உண்டு. கல்வித் தொழில்நுட்பம் என்ற பெயரில் நாங்கள் படித்த கட்டுரைகளோ முக்கால்வாசி பிட்ஸ்பர்க்கிலும் பாஸ்டனிலும் எழுதப்பட்டவை. பக்கத்து ஊர் நூலகத்தை விட்டுவிட்டுக் கடல் தாண்டித் தேடுவது எங்கள் குழுவின் பழக்கம் மட்டுமல்ல, இந்தத் துறையின் பொதுவான வியாதி.

என்ன செய்தோம் என்றால், பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கேள்விக்குப் பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கிப் படம், அமுக்கினால் அதே கேள்வி தமிழில். ஆசிரியை ஒருவரின் தங்கை, எங்களோடு வந்திருந்த களப் பணியாளர் இருவர் என்று கிடைத்த குரல்களில் பதிவு செய்தோம். படத்தை எப்போது அமுக்கினார்கள் என்பதும் லாகில் விழும்படி எழுதினேன். ஆய்வு முடியும்வரை மாற்றக் கூடாது என்ற விதி இருந்ததால் இது முதன்மை ஆய்வில் சேரவில்லை, தனிக் குறிப்பாகவே நின்றது. பள்ளிப் பதிவேட்டில் 'பயிற்று மொழி' என்ற கட்டம் உண்டு. என் படிவத்தில் வீட்டு மொழிக்கும் ஒரு கட்டம் சேர்த்தேன். அதை நிரப்பும்போது ஒரு பையன் ஆசிரியையைப் பார்த்துவிட்டுக் கன்னடம் என்றான். வெளியே போனதும் தம்பியைத் தமிழில் கூப்பிட்டான்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் இரண்டு பேரைப் படித்துவிட்டு வரட்டும். அஸிம் பிரேம்ஜி அறக்கட்டளை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்காகப் பல இந்திய மொழிகளில் பாட சி.டி.க்களைத் தயாரித்தது. அந்த அறக்கட்டளையின் தலைமையில் இருந்த அனுராக் பெஹர் 2010இல் மின்ட் நாளிதழில், பள்ளிக் கல்வியில் தொழில்நுட்பம் எதுவரை போக முடியும் என்று வெளிப்படையாக எழுதினார். இத்தனை வேலை செய்த இடத்திலிருந்தே அந்தக் குரல் வந்தது. இன்னொருவர் நம் ஐந்து மவுஸ் டொயாமா. 2015இல் வந்த அவரது 'கீக் ஹெரசி' புத்தகம், தொழில்நுட்பம் ஏற்கெனவே இருப்பதைப் பெருக்கிக் காட்டும் என்கிறது. நல்ல ஆசிரியர் இருக்கும் பள்ளியில் நல்லதைப் பெருக்கும், யாரும் கவனிக்காத பள்ளியில் அந்தக் கவனிக்காமையைப் பெருக்கும். சோதனையின்போது குழு கூடவே நின்றதால் ஓடியது, குழு கிளம்பியதும் நின்றுபோனது என்ற அனுபவம் இந்தத் துறையில் யாருக்குத்தான் இல்லை? அவர் சொல்வதில் எனக்கு முக்கால்வாசி சம்மதம். மீதிக் காலுக்குக் காரணம் அந்த நாலைந்து வரி நிபந்தனை. அதே மாதிரிப் பள்ளிகள், அதே மாதிரிக் கம்ப்யூட்டர். விதியை மாற்றியதும் பையன்கள் கற்றார்களே.

சரி, வேலை எங்கே கிடைக்கும்? மும்பை ஐ.ஐ.டி.யில் கல்வித் தொழில்நுட்பத்துக்கென்றே முனைவர் பட்டப் பிரிவு உண்டு. டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2015இலிருந்து எம்.ஐ.டி.யோடு சேர்ந்து நான்கு மாநிலங்களில் 'கிளிக்ஸ்' திட்டத்தை நடத்தியது. பெங்களூரில் 'ஐ.டி. ஃபார் சேஞ்ச்' அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு திறந்த மென்பொருளில் வேலை செய்கிறது. ஜே-பால் ஆய்வமைப்புக்குத் தெற்காசியப் பிரிவு ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் 'ப்ராஜெக்ட் அசோசியேட்', 'ரிசர்ச் அசிஸ்டென்ட்' என்ற பெயர்களில் ஆள் எடுப்பார்கள். பெரும்பாலும் ஒப்பந்த வேலை. உங்களோடு படித்து ஐ.டி. கம்பெனிக்குப் போனவர் சம்பளத்தை விசாரிக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

நேர்காணலில் அவர்கள் பைத்தான் கேட்பார்கள், ஆண்ட்ராய்டு கேட்பார்கள், புள்ளியியல் கொஞ்சம் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியதும் உண்டு. கட்டுரையில் என் பெயர் ஆசிரியர் வரிசையில் வருமா, கடைசிப் பக்கத்து நன்றியிலா? கூச்சப்படாமல் முதல் நாளே கேளுங்கள், கட்டுரை எழுதும் மாதத்தில் கேட்டால் உறவு கெடும். பள்ளிக்குக் கூட்டிப்போவீர்களா, லாகை மட்டும் கொடுப்பீர்களா என்றும் கேளுங்கள். அப்புறம், நிதி முடிந்தபின் இந்த ஆப்பை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். எதிரில் இருப்பவர் தொண்டையைச் செருமினால், சேராதீர்கள் என்று சொல்லமாட்டேன். நானும் செருமல் கேட்ட பிறகுதான் சேர்ந்தேன். உங்கள் சம்பளம் எந்த மாதம் நிற்கும் என்பதாவது தெரிந்துவிடும்.

(தொடரும்)